சாதாரணச் சிப்பாய்க்கு வீரப்பதக்கம்: மலையக வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், பாட்டனாரின் தகரப் பெட்டியிலிருந்து பழைய பதக்கமொன்றை எடுத்துவந்து விசாரிக்கும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன். தளபதிகளின் புகழைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். இங்கே பேசப்படுபவர் அதிகாரப் பதவி ஏதும் இல்லாமல், துப்பாக்கியோ மண்வெட்டியோ ஏந்திப் போர்முனையில் நின்ற சாதாரண மனிதர்.

போருக்குப் போன எல்லோருக்கும் பதக்கம் கொடுத்தார்களாமே. வீரப்பதக்கம் என்பது வேறா?

வேறுதான். ஒரு போரில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட களத்தில் பணியாற்றியதற்காக வழங்கப்படுவது போர்ச்சேவைப் பதக்கம். அந்தக் களத்தில் இருந்த சமையற்காரருக்கும் அது உண்டு, தளபதிக்கும் உண்டு. ஒருவர் ஒரு நாளில் செய்த ஒரு செயலுக்காக, அந்தச் செயலை விபரித்து எழுதப்பட்ட பரிந்துரையின் பேரில் வழங்கப்படுவது வீரப்பதக்கம்.

மலையக வீடுகளில் நான் பார்த்தவை அநேகமாகப் போர்ச்சேவைப் பதக்கங்களே. முதலாம் உலகப் போருக்கான பிரித்தானியப் போர்ப் பதக்கம் ஒரு வெள்ளி வட்டம். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் மறுபக்கத்தில் குதிரை மீது ஒரு மனிதனும் இருக்கும். அதன் நாடா நடுவில் செம்மஞ்சளும், இரு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகளுமாக அமைந்திருக்கும். ஹட்டனை அண்டிய ஒரு தோட்டத்தில் எனக்குக் காட்டப்பட்டது இதே வடிவத்தில், ஆனால் வெண்கலத்தில் இருந்தது. வெள்ளியில்லையே, இது போலியாக்கும் என்று அந்த வீட்டார் நினைத்திருந்தார்கள். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, தேய்ந்த எழுத்துகளில் ஓர் இலக்கமும், ஒரு தமிழ்ப் பெயரும், சுமை தூக்குவது போன்ற வேலைகளுக்கான தொழிற்படையைக் குறிக்கும் சுருக்கமும் தெரிந்தன. போலியே அல்ல. சீனர், இந்தியர், மால்டாக்காரர் முதலிய தொழிற்படையினர் ஏறத்தாழ 110,000 பேருக்கு அந்தப் பதக்கம் வெண்கலத்தில்தான் வழங்கப்பட்டது. ஒரே போர், ஒரே அச்சு, உலோகம் மட்டும் வேறு. சுமை தூக்கியவரின் உயிருக்கும் குண்டு ஒன்றேதான் என்பதை நினைக்கும்போது அந்த வேறுபாடு எனக்கு இன்றும் ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குரியவற்றில் எளிதாக அடையாளம் காணக்கூடியது ஆறு முனைகள் கொண்ட பர்மா நட்சத்திரம். அதன் நாடாவில் நடுவே சிவப்பும், இரு பக்கமும் கருநீலமும், அந்த நீலத்தின் நடுவே செம்மஞ்சள் கோடும் இருக்கும்.

சாதாரணச் சிப்பாயின் வீரத்துக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் எப்போது வந்தது?

நீண்ட காலமாகப் பதக்கமும் பட்டமும் பிரபுக்களுக்கும் தளபதிகளுக்குமே உரியனவாக இருந்தன. வென்றால் புகழ் தளபதிக்கு. சிப்பாய்க்குச் சம்பளமும், கிடைத்தால் கொள்ளையில் ஒரு பங்கும். இந்த நிலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மெல்ல மாறியது. 1782இல் ஜோர்ஜ் வாஷிங்டன் தம் படையின் சாதாரண வீரருக்கென ஊதாத் துணியில் இதய வடிவச் சின்னமொன்றை ஏற்படுத்தினார். 1802இல் நெப்போலியன் நிறுவிய கௌரவப் படையணி விருது எல்லாத் தரத்தினருக்கும் திறந்திருந்தது. 1807இல் ரஷ்யா சிப்பாய்களுக்கென்றே புனித ஜோர்ஜ் சிலுவையை உருவாக்கியது. 1813இல் பிரஷ்யாவின் இரும்புச் சிலுவை வந்தது.

பிரித்தானியா இதில் பிந்தியே வந்தது. கிரைமியப் போரில் சிப்பாய்கள் பட்ட பாடு செய்தித்தாள்கள் வழியாக மக்களுக்குத் தெரியவந்த பின்னரே, 1854 டிசம்பரில் அதிகாரிகள் அல்லாதோருக்கான சிறப்பு நடத்தைப் பதக்கமும், 1856 ஜனவரி 29ஆம் திகதி பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸும் நிறுவப்பட்டன. விக்டோரியா கிராஸின் விதிகளில் பதவியோ, சேவைக்காலமோ, காயமோ கணக்கில் எடுக்கப்படாது என்றும், வீரச்செயல் ஒன்றே தகுதி என்றும் எழுதப்பட்டது. 1857 ஜூன் 26ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில் மகாராணி தம் கையால் 62 பேருக்கு அதனை அணிவித்தபோது, கடற்படை மாலுமியும் காலாட்படைச் சிப்பாயும் அதிகாரிகளுடன் ஒரே வரிசையில் நின்றார்கள்.

தமிழர் மரபில் இப்படி ஏதும் இருந்ததா?

உலோகப் பதக்கம் என்ற வடிவில் இல்லை. ஆனால் சாதாரண வீரனின் பெயரையும் செயலையும் பதிந்து வைக்கும் வழக்கம் மிகப் பழையது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்களைப் பார்த்தால், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர்க்காரன், யாருடைய சேவகன், எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தான் என்பது வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இறந்தவன் அரசனல்ல, ஊர்க் காவல்காரன். கல்லில் வாளும் வில்லுமாக அவன் உருவமும் நிற்கிறது. நவீன வீரப்பதக்கத்துக்கான பரிந்துரைக் கடிதத்தில் எவையெல்லாம் இருக்க வேண்டுமோ, அதாவது நாள், இடம், படைப்பிரிவு, பெயர், செயல் ஆகிய எல்லாமே அந்தக் கல்லில் இருக்கின்றன. சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். இந்தக் கற்கள் அவர்களுக்கும் சொந்தம்.

ஒரு சிப்பாய் செய்த செயல் எப்படிப் பதக்கமாகிறது?

மற்ற எந்தக் கேள்வியையும்விட இதற்கே நான் கூடுதல் இடம் கொடுக்க விரும்புகிறேன்.

வீரச்செயல் ஒன்று நடந்தால் மட்டும் போதாது. அதை ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பியவர் சொன்னதை ஓர் அதிகாரி நம்பி, எழுத நேரம் ஒதுக்கி, பரிந்துரையாக மேலே அனுப்ப வேண்டும். அது பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், அதற்கும் மேல் என்று படிப்படியாக ஏறும்போது, ஒவ்வொரு மேசையிலும் அதனை உயர்த்தவோ, குறைந்த பதக்கமாக மாற்றவோ, அடித்துவிடவோ முடியும். விக்டோரியா கிராஸுக்கு வழக்கமாக மூவரின் சாட்சி எதிர்பார்க்கப்பட்டது. எல்லாம் நிறைவேறிய பின்னரே லண்டன் வர்த்தமானியில் பெயர் வெளிவரும்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். 1945 மே மாதம் 12ஆம் திகதி இரவு தாண்டி 13ஆம் திகதி அதிகாலை, பர்மாவில் ஐராவதி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள டவுங்டோ என்ற இடத்தில், கூர்க்காப் படையின் லச்சிமன் குருங் என்ற ரைபிள் வீரர் தம் பிரிவின் முன்னணிக் குழியில் இருந்தார். ஐந்து அடிக்கும் குறைந்த உயரம் கொண்டவர். அதிகாலை 1.20 மணியளவில் குறைந்தது 200 ஜப்பானியர் தாக்கினார்கள். குழியின் விளிம்பில் விழுந்த கைக்குண்டை எடுத்து அவர் திருப்பி வீசினார். அடுத்தது குழிக்குள்ளேயே விழுந்தது, அதனையும் வீசினார். மூன்றாவது அவர் கையிலேயே வெடித்தது. வலக்கை விரல்கள் போயின, கை முறிந்தது, முகத்திலும் உடலிலும் காயம். தோழர்கள் இருவரும் படுகாயமடைந்து கிடக்க, அவர் இடக்கையால் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி, இடக்கையாலேயே சுட்டு, நான்கு மணி நேரம் அந்தக் குழியைக் காத்தார். விடிந்த பின் அந்தக் கம்பனியைச் சுற்றி எண்ணப்பட்ட எதிரிகளின் 87 உடல்களில் 31 அவருடைய பிரிவின் முன்னால் கிடந்தன.

இந்த விபரம் நமக்கு எப்படித் தெரிகிறது? விடிந்த பின் ஒருவர் உடல்களை எண்ணினார். ஒருவர் நேரத்தைக் குறித்தார். காயமடைந்து கிடந்த தோழர்கள் பார்த்ததைச் சொல்ல உயிரோடு இருந்தார்கள். ஓர் அதிகாரி அதையெல்லாம் கோர்வையாக எழுதினார். அந்த எழுத்து இல்லையென்றால், கையிழந்த ஒரு சிப்பாய் மருத்துவமனையில் சேர்ந்தார் என்ற ஒரு வரியோடு அவர் கதை முடிந்திருக்கும். அந்த மே மாதத்தில் பர்மாப் போர்முனைக்கான தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் நம் பேராதனைப் பூங்காவில்தான் இயங்கியது. அதன் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் அதை அங்கே கொண்டுவந்திருந்தார். இன்று பிள்ளைகள் சுற்றுலா வந்து சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும் புல்வெளிகளுக்கு அருகில் இருந்துதான் அந்தப் போர் நடத்தப்பட்டது.

ஆகவே பதக்கம் பெற்றவர் வீரர் என்பதில் ஐயமில்லை. பதக்கம் பெறாதவர் வீரர் அல்லர் என்ற முடிவுக்கு மட்டும் எவரும் வரக்கூடாது. எல்லோரும் இறந்துபோன குழியில் என்ன நடந்தது என்பதை எழுத யாரும் இல்லை.

சிப்பாய்களே தங்களுக்குள் தகுதியானவரைத் தெரிவுசெய்ய முடியாதா?

முடிந்தது. விக்டோரியா கிராஸின் முதல் விதிகளிலேயே இதற்கு இடம் இருந்தது. ஒரு படைப்பிரிவு முழுவதும் சமமாக வீரம் காட்டி, ஒருவரைப் பிரித்துச் சொல்ல முடியாத நிலையில், அதிகாரிகள் தங்களுக்குள் ஒருவரையும், கோப்ரல், சார்ஜன்ட் தரத்தினர் தங்களுக்குள் ஒருவரையும், சாதாரணச் சிப்பாய்கள் தங்களுக்குள் இருவரையும் வாக்களித்துத் தெரிவுசெய்யலாம். 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சிக் காலத்தில் இம்முறை பலமுறை பயன்பட்டது. 1918இல் பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத் தாக்குதலுக்குப் பின்னர் கடைசியாகப் பயன்பட்டது. மொத்தம் 40க்கும் மேற்பட்டோர் இப்படித் தெரிவானார்கள். பக்கத்தில் நின்றவனுக்குத்தான் யார் உண்மையில் முன்னால் போனான் என்பது தெரியும். அந்த வகையில் இது எல்லா முறைகளிலும் நேர்மையானது என்பது என் கருத்து. அது வழக்கொழிந்து போனது வருத்தத்துக்குரியது.

அதிகாரிக்கு ஒரு பதக்கம், சிப்பாய்க்கு வேறு பதக்கம் என்று இருந்தது உண்மையா?

உண்மை. விக்டோரியா கிராஸ் எல்லோருக்கும் பொது. அதற்குக் கீழே இரண்டு ஏணிகள் இருந்தன. 1914 டிசம்பரில் உருவான மிலிட்டரி கிராஸ் இளநிலை அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் உரியது. அதே செயலைச் செய்த சிப்பாய்க்கு 1916 மார்ச்சில் உருவான மிலிட்டரி மெடல்தான். அது வெள்ளியாலானது, பின்புறத்தில் களத்தில் காட்டிய வீரத்துக்காக என்று பொறித்திருக்கும். முதலாம் உலகப் போரில் மட்டும் 115,000க்கும் மேற்பட்ட மிலிட்டரி மெடல்கள் வழங்கப்பட்டன. விக்டோரியா கிராஸ்கள் 628 மட்டுமே. ஒரே குழியில் ஒரே இரவில் அருகருகே நின்ற இருவரின் வீரத்தை அவர்களின் தோள்பட்டைச் சின்னத்தைப் பார்த்து வகைபிரிக்கும் இந்த முறை 1993 வரை நீடித்தது. அந்த ஆண்டு பிரித்தானிய அரசு அதனை ஒழித்து, மிலிட்டரி மெடலை நிறுத்தி, மிலிட்டரி கிராஸை எல்லாத் தரத்தினருக்கும் உரியதாக்கியது.

பிரித்தானியரின் இந்தியப் படையில் இருந்த நம்மவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்ததா?

தொடக்கத்தில் அவர்களுக்கு அந்தத் தகுதியே இல்லை. கிழக்கிந்தியக் கம்பனி 1837இல் ஏற்படுத்திய இந்தியத் தகுதி விருதும், 1907இல் வந்த இந்தியச் சிறப்புச் சேவைப் பதக்கமுமே அவர்களுக்கு இருந்தன. 1911 டிசம்பரில் டில்லி தர்பாரில்தான் இந்திய வீரரும் விக்டோரியா கிராஸ் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள், 1914 அக்டோபர் 31ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஹொலபெக் என்ற இடத்தில் குதாதாத் கான் என்ற சிப்பாய், தம் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற ஐவரும் கொல்லப்பட்ட பின்னரும் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்து, இறந்துவிட்டார் என்று எதிரிகள் விட்டுச் சென்ற பிறகு இரவில் ஊர்ந்து தம் படையிடம் வந்து சேர்ந்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. அந்தப் போரில் இந்தியப் படையின் இந்திய, நேபாள வீரர் 11 பேருக்கு அது கிடைத்தது.

தமிழரில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையைச் சேர்ந்த அவர், 1944 பெப்ரவரி 24ஆம் திகதி இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தம் உடலைப் போட்டு மறைத்துச் சுற்றி நின்றவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு இறந்த பின் ஜோர்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. எதிரியை நேருக்கு நேர் எதிர்கொள்ளாத சூழலில் காட்டும் வீரத்துக்கு 1940இல் ஏற்படுத்தப்பட்ட மிக உயர்ந்த விருது அது. சுபேதார் என்பது சாதாரணச் சிப்பாயைவிட மேலான பதவிதான். என்றாலும் படையின் அடித்தளத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து வருவோர் வகிக்கும் பதவி என்பதால் அவரை இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

மலையகத் தோட்டங்களிலிருந்து போய் வீரப்பதக்கம் பெற்றவர்களின் பட்டியல் ஏன் இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு கூச்சத்தை நான் கண்டிருக்கிறேன். நம் ஆட்களுக்குத் துணிச்சல் போதாது போலிருக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. காரணங்கள் வரலாற்றில் இருக்கின்றன.

மலைநாட்டில் துப்பாக்கி ஏந்திய படை 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை. பெயரே சொல்வதுபோல அதில் ஐரோப்பியத் துரைமாரே சேர்ந்தார்கள். 1914 அக்டோபரில் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறியது. 1915இல் கல்லிப்போலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவல் பணியிலும் அதன் வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் உயிரிழந்தார்கள். அவர்களின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் மலையில் கொழுந்து பறித்தவருக்கும் ரப்பர் பால் வெட்டியவருக்கும் அந்தப் படையில் இடமே இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1942இல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றிய பின், நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்கு இலங்கை முதன்மையான ஆதாரமாயிற்று. மரங்கள் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டப்பட்டது. லொறிச் சில்லும் விமானச் சில்லும் அந்தப் பாலில்தான் ஓடின. பால் வெட்டியவருக்கு வீரப்பதக்கம் தர எந்த விதியும் இல்லை.

போர் முடிந்து நாடு சுதந்திரம் பெற்றதும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு, 1949 அக்டோபரில், இலங்கை இராணுவம் உருவானது. குடியுரிமை இல்லாதவர் தேசத்தின் படையில் சேர்வது எப்படி? 1964இல் மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, எஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. படைக்கதவு இரண்டு தலைமுறைக்கு மூடிக் கிடந்தது.

எனவே பட்டியல் இல்லாததற்குக் காரணம், துப்பாக்கி யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருடைய செயலை எழுத ஓர் அதிகாரி பேனாவை எடுத்தார் என்பதே. வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போருக்குப் போய்விட்டுப் பின்னர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், மேலே சொன்ன வெண்கலப் பதக்கக்காரர் போல, நம் லயங்களில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை இன்னும் தொகுக்கலாம்.

போரில் இறந்தவருக்குப் பதக்கம் உண்டா?

இன்று உண்டு. முன்பு பெரும்பாலும் இல்லை. விக்டோரியா கிராஸே 1902 வரை இறந்தவருக்கு வழங்கப்படவில்லை. உயிரோடு இருந்திருந்தால் பரிந்துரைக்கப்பட்டிருப்பார் என்று வர்த்தமானியில் ஒரு குறிப்பு மட்டுமே வரும். மிலிட்டரி மெடல் போன்றவற்றுக்கு இந்தத் தடை 1979 வரை நீடித்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஒரு சிப்பாய் வீரச்செயல் புரிந்து அந்த இடத்திலேயே இறந்தால், விக்டோரியா கிராஸ் அளவுக்குப் போகாத அவர் செயலுக்குக் கிடைக்கக்கூடியது தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுவது ஒன்றுதான். காயத்தோடு தப்பியவருக்குப் பதக்கமும், உயிரையே கொடுத்தவருக்கு ஒரு வரியும் என்ற இந்த விதியை எந்த நியாயத்தால் அவ்வளவு காலம் காத்தார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

இலங்கையின் வீரப்பதக்கங்கள் எவை? சாதாரணச் சிப்பாய் அவற்றைப் பெற்றிருக்கிறாரா?

இன்றைய முறை 1981இல் தொடங்கியது. உச்சியில் இருப்பது பரம வீர விபூஷணய. எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கு அதற்கு அடுத்தபடியாக வீர விக்கிரம விபூஷணய, ரண விக்கிரம பதக்கம், ரண சூர பதக்கம் ஆகியன உள்ளன. போர்க்களத்துக்கு வெளியே உயிரைப் பணயம் வைக்கும் செயலுக்கு வீரோதார விபூஷணய வழங்கப்படும். இவையெல்லாம் எல்லாத் தரத்தினருக்கும் உரியவை. இரண்டு ஏணி முறை இங்கே இல்லை.

பரம வீர விபூஷணயவை முதலில் பெற்றவர் ஓர் அதிகாரி அல்லர். கண்டி மாவட்டத்தின் ஹசலக்கவைச் சேர்ந்த லான்ஸ் கோப்ரல் காமினி குலரத்ன. 1991 ஜூலையில் ஆனையிறவு இராணுவ முகாம் விடுதலைப் புலிகளால் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, முகாமை நோக்கி வந்த கவசமிட்ட புல்டோசரின் மேல் கைக்குண்டுகளுடன் ஏறி அதனை நிறுத்தி, அதிலேயே உயிரிழந்தார். இறந்த பின் கோப்ரலாகப் பதவி உயர்த்தப்பட்டார்.

அந்த உள்நாட்டுப் போரின் பதக்கங்களைத் தமிழ் வாசகர் எப்படிப் பார்ப்பது?

இதைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பதக்கம் என்பது ஓர் அரசின் ஆவணம். தன் படைவீரர் செய்ததை அது தன் பக்கத்திலிருந்து எழுதுகிறது. அந்த புல்டோசருக்குள் இருந்தவருக்கும் ஒரு தாய் இருந்தார். அவரைப் பற்றி அந்த ஆவணம் பேசாது, பேசவும் எதிர்பார்க்க முடியாது. ஹசலக்கவின் சிங்களக் குடும்பமும் வடக்கின் தமிழ்க் குடும்பமும் தத்தம் பிள்ளையை இழந்தன. ஒருவரின் துணிவை ஏற்றுக்கொள்வதற்கு மற்றவரின் இழப்பை மறக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் நிலைப்பாடு.

பதக்கம் தர ஓர் அரசு வேண்டும் என்பதால், தோற்ற தரப்பின் சிப்பாய் வழக்கமாக வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறான். நம் மலைநாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவை முகாமில் ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்ட விவசாயிகள் அவர்கள். அவர்களின் குடியரசுகள் 1902இல் மறைந்தன. அந்தப் போரில் கலந்துகொண்ட போயர்களுக்கான பதக்கத்தைத் தென்னாபிரிக்க அரசு நிறுவியது 1920இல்தான். அதுவும் விண்ணப்பித்துப் பெற வேண்டியதாக இருந்தது.

பதக்கத்தோடு பணமும் கிடைக்குமா?

சிலவற்றுக்குக் கிடைக்கும். விக்டோரியா கிராஸ் பெற்ற, அதிகாரி அல்லாதோருக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 பவுண் ஓய்வூதியம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு சிப்பாய்க் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. 2015 முதல் பிரித்தானியா அதை ஆண்டுக்கு 10,000 பவுணாக உயர்த்தியுள்ளது.

கொடுத்த பதக்கத்தைத் திரும்பப் பறிப்பார்களா?

1861 முதல் 1908 வரை எட்டுப் பேரின் விக்டோரியா கிராஸ்கள் குற்றச்செயல் காரணமாகப் பறிக்கப்பட்டன. தூக்குமேடைக்குப் போகிறவனாக இருந்தாலும் அதனை அணிந்தே போகட்டும் என்று ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கடுமையாகக் கூறிய பின் அந்த வழக்கம் நின்றது. மன்னரின் கருத்துச் சரியானது. ஒருவர் பின்னாளில் என்ன செய்தாலும், அந்த நாளில் அவர் செய்தது நடந்ததாகவே இருக்கிறது.

பெண்களுக்கு உண்டா?

உண்டு. 1916 ஜூன் முதல் மிலிட்டரி மெடல் பெண்களுக்கும் வழங்கப்பட்டது. குண்டுவீச்சின்போது நோயாளிகளை விட்டு நகராத தாதியர் பலர் அதனைப் பெற்றார்கள்.

கண்டிக் கல்லறைத் தோட்டத்தில் பதக்கம் பெற்றவரை எப்படி அடையாளம் காண்பது?

பொதுநலவாயப் போர்க் கல்லறைகளில் ஒருவரின் இலக்கம், பதவி, பெயர், படைச் சின்னம், திகதி ஆகியவற்றோடு, வீரப்பதக்கம் இருந்தால் அதன் சுருக்கெழுத்துப் பெயருக்குப் பின்னால் பொறிக்கப்படும். விக்டோரியா கிராஸ் என்றால் அதன் உருவமே கல்லில் செதுக்கப்படும். பிள்ளைகளை நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அங்கே பிரித்தானியர், இந்தியர், இலங்கையர், கிழக்காபிரிக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். அதிகாரியின் கல்லும் சிப்பாயின் கல்லும் ஒரே அளவு. பதக்கத்தில் கிடைக்காத சமத்துவம் கல்லறையில் கிடைத்தது.

அதுவும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போரில் இறந்த குறைந்தது 116,000 பேர், பெரும்பாலும் கிழக்காபிரிக்கர், எகிப்தியர், பெயர் பொறிக்கப்படாமலோ, எந்த நினைவுச் சின்னமும் இல்லாமலோ விடப்பட்டார்கள் என்று, பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவுக்காக அமைந்த சிறப்புக் குழுவே 2021இல் அறிக்கையிட்டது. ஆணைக்குழு மன்னிப்பும் கேட்டது.

குடும்பத்தில் ஒருவர் போருக்குப் போனார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கே தேடுவது?

இறந்தவர் என்றால், பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலில் கைத்தொலைபேசியிலேயே கட்டணமின்றித் தேடலாம். வீரப்பதக்கம் என்றால் லண்டன் வர்த்தமானியின் பழைய இதழ்கள் இணையத்தில் உள்ளன. இரண்டாம் உலகப் போரின் பரிந்துரைக் கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பெயரைத் தேடுவதில்தான் சிக்கல். முத்துசாமி என்ற பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி பல விதமாக எழுதியிருப்பார். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். சில வேளை பெயரே இல்லாமல் சாதியோ ஊரோ இருக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், பதக்க விளிம்பிலுள்ள இலக்கத்தையும் படைப்பிரிவையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரித்தானியா பெயர் பொறிக்காமலே வழங்கியது. அவற்றோடு வந்த அட்டைப் பெட்டி, கடிதம், சம்பளப் புத்தகம் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாள்தான் பெயரைச் சொல்லும்.

பழைய பதக்கத்தை எப்படிப் பாதுகாப்பது?

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பிராசோவும் வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல ஆண்டுதோறும் துலக்கி, விளிம்பின் எழுத்தே அழிந்துபோன பதக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். பளபளப்புப் போனால் நட்டமில்லை, எழுத்துப் போனால் அந்த மனிதரின் பெயரே போய்விடும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் நாடா விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். பதக்கத்தையும் நாடாவையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில், அடுப்புப் புகை படாத இடத்தில் வையுங்கள். நாடா நைந்திருந்தாலும் கழற்றி எறிய வேண்டாம். நிறங்களின் வரிசைதான் எந்தப் பதக்கம் என்பதைச் சொல்லும். வைப்பதற்கு முன் முன்புறம், பின்புறம், விளிம்பின் முழுச் சுற்று ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதையும் ஒரு தாளில் எழுதி, எழுதிய திகதியோடு அதே பெட்டிக்குள் வையுங்கள்.